முட்டியில் தட்டினால் கால் ஏன் உதைக்கிறது? அனிச்சைச் செயல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கத் தொடங்கி 14 வருடம் ஆகிறது. குகை, அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள், சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட் தொழிலாளர்கள் என்று யார் வந்தாலும், ரிஃப்ளெக்ஸ் சுத்தியலைக் கையில் எடுத்ததும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். படுக்கையில் கிடப்பவரின் வீட்டார் கேட்பது இன்னும் கனமான கேள்விகள். தானாக அசைந்த காலைப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று பயிற்சியை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே அசைவைப் பார்த்துப் பயந்து சாமியாடியிடம் ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதி வைக்கிறேன். பாடப்புத்தகம் 'அனிச்சைச் செயல்' என்னும், ஆஸ்பத்திரியில் 'ரிஃப்ளெக்ஸ்' என்பார்கள். இரண்டும் ஒன்றே.

முட்டியில சுத்தியால தட்டுறாங்களே, அது நரம்பைத் தட்டிப் பார்க்குறதுதானுங்களே?

இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நாம் பேசும் விதமும் ஒரு காரணம். கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். "ஊசி போட நரம்பே கிடைக்கல" என்று நர்ஸே சொல்வார். எலும்போடு தசையைக் கட்டும் தசைநாரையும் நரம்பு என்கிறோம். மூளைக்கும் உடம்புக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் உண்மையான நரம்பும் நமக்கு நரம்புதான். இங்கே நரம்பு என்று நான் எழுதுவது மூன்றாவதை மட்டும்.

சுத்தியல் விழுவது முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, தசைநாரின் மேல். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசையைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் கயிறு அது. தறிக்காரர்களிடம் பாவு நூலை வைத்துச் சொல்வேன். இழுத்துக் கட்டிய பாவை விரலால் சுண்டினால் அந்த அதிர்வு கடைசி வரைக்கும் போகிறதல்லவா, அப்படித்தான் தசைநாரில் ஒரு தட்டுத் தட்டினால் மேலே தொடைத் தசை இம்மியளவு இழுபடுகிறது. அந்தச் சின்ன இழுப்பு போதும்.

சரி, இழுபட்டா இழுபட்டுட்டுப் போகுது. கால் ஏன் உதைக்கணும்? மூளை சொல்லித்தானே கால் அசையும்?

தொடைத் தசைக்குள் நூல்கண்டு போன்ற வடிவில் நுண்ணிய உணர்கருவிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவற்றின் வேலை. தசை திடீரென நீண்டதும் உணர்வு நரம்பு வழியாகச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. தண்டுவடத்தில் அந்த நரம்பு நேராக இயக்க நரம்பணுவைத் தொட்டு நிற்கிறது. நடுவில் வேறு ஆள் கிடையாது. இயக்க நரம்பு அதே தொடைத் தசைக்கு "சுருங்கு" என்று அனுப்பும். தசை சுருங்க, கால் உதைக்கிறது. மூளைக்கும் ஒரு கிளை வழியாகத் தகவல் போகிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் இங்கே வேலை முடிந்துவிடுகிறது.

இந்த நரம்புகள் உடம்பிலேயே மிக வேகமானவை. நொடிக்கு 80 முதல் 120 மீட்டர் வரை செய்தி ஓடும். தட்டியதிலிருந்து தொடைத் தசையில் மின்னசைவு தொடங்க ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல், 1875-இல் ஒரே சமயத்தில் இந்த உதையைப் பற்றி எழுதினார்கள். அன்றிலிருந்து அந்தச் சின்னச் சுத்தியல் மருத்துவர் பையை விட்டு இறங்கவில்லை.

சும்மா உதைப்பதற்காக இயற்கை இப்படி வைக்கவில்லை. மூட்டை தூக்கி நடக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் தொடைத் தசை நீளும். உடனே அது இறுகி உங்களை விழாமல் தாங்குகிறது. நாள் முழுக்க நீங்கள் அறியாமல் நடக்கும் அந்த வேலையைத்தான் சுத்தியல் ஒரு நொடி வெளியே காட்டுகிறது.

தோசைக்கல்லுல கை பட்டா, வலி தெரியறதுக்கு முன்னாடியே கை வந்துடுதே, அதுவும் இதேதானா?

வகை ஒன்று, ஆனால் பாதை வேறு. முட்டி உதையில் இரண்டே நரம்பணுக்கள். சூடு பட்ட கை திரும்புவதில் நடுவே பல இடைநரம்பணுக்கள் கைகோத்து வேலை செய்கின்றன, ஏனென்றால் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் வர வேண்டும். அதனால் முட்டி உதையை விட இது கொஞ்சம் மெதுவானது. ஆனாலும் மூளைக்கு வலி புரிவதற்குள் கை வந்துவிடும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கை பட்டதும் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி, அப்புறம் மெதுவாக ஒரு எரிச்சல். இரண்டும் வெவ்வேறு நரம்புகள். சுரீரைக் கொண்டு வருவது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடுவது. எரிச்சலைக் கொண்டு வருவது நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை நடந்து வருவது, அவ்வளவுதான். விரலிலிருந்து தலைவரை வர அதற்கு ஒரு நொடி பிடிக்கிறது.

முள்ளை மிதிச்சா மிதிச்ச காலைத் தூக்குறோம், சரி. இன்னொரு கால் ஏன் விறைச்சுக்குது?

விறைக்காவிட்டால் விழுந்துவிடுவீர்கள். வலது காலை மடக்கச் சொல்லும் அதே நேரத்தில், தண்டுவடம் குறுக்கே ஒரு செய்தி அனுப்பி இடது காலை நீட்டி ஊன்றச் சொல்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண் முள்ளை மிதித்தும் உருண்டு விழாமல் நிற்பது இதனால்தான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்ப்பக்கத் தசை தளர வேண்டும். இரண்டும் இழுத்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும். ஆகவே 'சுருங்கு' என்று ஒன்றுக்குச் சொல்லும்போதே 'விட்டுக்கொடு' என்று மற்றதற்கும் சொல்லப்படுகிறது. இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்துக்கு 'சினாப்ஸ்' என்று 1897-இல் பெயர் வைத்தவரும் அவரே. 1932-இல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த 'விட்டுக்கொடு' போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு சாட்சி. ஒன்று எட்டி மரம். 'எட்டி பழுத்தால் என்ன' என்று பழமொழி சொல்கிற அதே எட்டி. அதன் கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னின் தண்டுவடத்தின் இந்தத் தடுப்பை முடக்கிவிடும். இரண்டாவது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அதன் நஞ்சும் அதே தடுப்பில்தான் கை வைக்கிறது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம் கூட உடம்பு முழுவதையும் வில்லாக வளைத்துவிடும். பட்டறையில் தகடு கிழித்தால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் எப்படிங்க சூடான டம்ளரைக் கீழே போடாம வெச்சுடறோம்? ஆடி மாசம் தீ மிதிக்கிறவங்களுக்குக் கால் ஏன் இழுக்கல?

அனிச்சை என்றால் மூளையால் தொடவே முடியாது என்று அர்த்தமில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு எப்போதும் கட்டளைகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவை தண்டுவடத்தின் அனிச்சையை ஏற்றவும் முடியும், அடக்கவும் முடியும். எதிர்பாராமல் சூடு பட்டால் மூளைக்கு நேரமில்லை. தெரிந்தே எடுக்கிற டம்ளர் என்றால், பக்கத்தில் குழந்தை தவழ்கிறது என்று தெரிந்தால், கை வெந்தாலும் மேசை வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிடுவாள் தாய்.

தீமிதியிலும் மனம் முன்கூட்டியே உறுதி பண்ணிவிடுகிறது. விரதமும் கூட்டத்தின் முழக்கமும் அந்த உறுதியை ஏற்றுகின்றன. கூடவே, சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஒவ்வோர் அடியும் அதில் நிற்பது ஒரு நொடிக்கும் குறைவு. தடுக்கி நின்றுவிட்டவர்களுக்குக் கால் வெந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகள் ஏன் இதில் இறங்கக் கூடாது என்பது கீழே சர்க்கரை பற்றிய பதிலில் வரும்.

தலை துண்டான கோழி துடிக்குதே, அதுக்கு வலிக்குமா?

பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இது. வலி என்று உணர மூளை வேண்டும். தலை துண்டான பிறகு துடிப்பது தண்டுவடமும் அதோடு இணைந்த தசைகளும். இறக்கை அடிப்பதற்கும் கால் எட்டி வைப்பதற்குமான அடிப்படைச் சுற்றுகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் தலை நீக்கிய தவளையின் முதுகில் அமிலம் நனைத்த தாளை ஒட்டியபோது, அது பின்னங்காலைத் தூக்கிச் சரியாக அந்த இடத்தையே தட்டிவிட்டது. அதைப் பார்த்த அறிஞர்கள் தண்டுவடத்துக்கும் ஆன்மா உண்டா என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

விக்கல் எடுத்தா, புரை ஏறினா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்றாங்களே?

நினைக்கட்டும், நல்லதுதான். விக்கல் என்பது உதரவிதானம் திடீரெனச் சுருங்க, குரல்வளை படக்கென்று மூடிக்கொள்ளும் அனிச்சை. வயிறு உப்பினாலே வரும். இரண்டு நாளைக்கு மேல் விடாமல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

புரை ஏறுவது நம்மைக் காப்பாற்றும் அனிச்சை. மூச்சுக்குழாயில் சோறோ தண்ணீரோ இறங்கப் பார்த்தால் இருமித் தள்ளுகிறது. மயங்கிக் கிடப்பவருக்கு இந்த இருமல் மங்கிப்போயிருக்கும். அவர் வாயில் ஊற்றும் தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே ரோட்டில் யார் மயங்கி விழுந்தாலும் சோடாவை ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

ஏற்காடு பஸ்ல ஏறினா எனக்கு மட்டும் வாந்தி வருது. இது நரம்புக் கோளாறா?

கோளாறு இல்லை, எல்லாம் சரியாக வேலை செய்வதால் வருவது. ஒரு சின்னச் சோதனை. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டுங்கள், எழுத்து தெரியும். இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலங்கும். தலை ஆடும்போது உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் அந்தச் சுழற்சியை அளந்து, கண்ணை எதிர்த்திசையில் அதே அளவு திருப்பச் சொல்கின்றன. காதுக்கு மூன்று குழல்கள். உடம்பின் மிக வேகமான அனிச்சைகளில் இதுவும் ஒன்று, சுமார் 10 மில்லிசெகண்டில் நடந்துவிடுகிறது.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காது "திரும்புகிறோம்" என்கிறது. கண்ணோ போனிலோ முன்சீட்டு முதுகிலோ நிலைத்து "எதுவும் நகரவில்லை" என்கிறது. இந்தப் பேச்சு ஒத்துப்போகாதபோது மூளைத்தண்டில் வாந்திக்கான சுற்று கிளம்பிவிடுகிறது. டிரைவருக்கு வராது, வளைவு எங்கே எப்போது என்று அவருக்கு முன்பே தெரியும். முன்பக்கம் உட்காருங்கள், தூரத்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பையில் போடுங்கள். எலுமிச்சம்பழத்தை மோப்பம் பிடிப்பதில் தவறில்லை, ஆனால் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

யார்க்கரைத் தடுக்குற பேட்ஸ்மேனுக்கு 'செம ரிஃப்ளெக்ஸ்'னு கமென்ட்ரியில சொல்றாங்க. அதுவும் தண்டுவடம்தானா?

சொல் ஒன்று, பொருள் வேறு. சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடுவதை நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள் அல்லவா, அந்தப் பந்தைக் கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கை ஆடுகிறது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டைக்கு வர அரை நொடிதான் ஆகும். கண்ணால் பார்த்துக் கை அசைய மட்டும் 0.2 நொடி போய்விடும். மீதியை ஈடுகட்டுவது வருடக்கணக்கான பயிற்சி. பந்து கையை விடும் முன்பே தோளையும் மணிக்கட்டையும் பார்த்து மூளை கணித்துவிடுகிறது. இதை எதிர்வினை என்பது சரி. பந்து முகத்துக்கு நேரே வரும்போது கண் மூடிக்கொள்கிறதே, அதுதான் அனிச்சை.

இந்த வித்தியாசம் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் "எனக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு" என்கிறார்கள். பிரேக் மிதிப்பது அனிச்சை இல்லை. பார்க்க, புரிந்துகொள்ள, காலை எடுத்து வைக்க ஒரு நொடியாவது பிடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடியிருக்கும். தொப்பூர் இறக்கத்தில் முன்வண்டியை ஒட்டிப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கிறது.

பச்சைக் குழந்தை தூக்கத்துல கையை விரிச்சுத் தூக்கிப் போடுது. பயந்துடுச்சுன்னு மந்திரிக்கச் சொல்றாங்க.

அது மோரோ அனிச்சை. 1918-இல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் விவரித்தது. தலை லேசாகச் சரிந்தாலோ சத்தம் கேட்டாலோ கையை விரித்து, பிறகு அணைப்பது போல் சேர்க்கும். ஆரோக்கியத்தின் அடையாளம். விரலை நீட்டினால் இறுகப் பிடிப்பதும், கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்புவதும் இதே போன்றவை. மூளை வளர வளர இவை அடங்கும். மோரோ 4 முதல் 6 மாதத்துக்குள் போய்விடும். மந்திரிப்பது உங்கள் மனத் திருப்தி, ஆனால் கீழே சொல்வதைக் கண்டால் மந்திரித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஒரு கை மட்டும் விரிந்து மறு கை விரியாவிட்டால் பிரசவத்தின்போது தோள் நரம்போ காறை எலும்போ அடிபட்டிருக்கலாம். 3, 4 மாதத்துக்குப் பிறகு, தூங்கி எழும்போது அடுத்தடுத்து வரிசையாக உடம்பைக் குறுக்கிக் குறுக்கி உதறினால், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வீடியோ பாதி நோய்க் கண்டுபிடிப்பு.

தட்டும்போது கையைக் கோத்து இழுக்கச் சொல்றாங்களே, கைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

சிலருக்குத் தட்டினால் லேசாகக்கூட அசையாது. விரல்களைக் கோத்து பலமாக இழுக்கச் சொல்லித் தட்டினால் உதைக்கும். மேலே சொன்ன டம்ளர் கதையின் மறுபக்கம் இது. கையில் செலுத்தும் முயற்சி தண்டுவடத்தின் விழிப்பை மொத்தமாக ஏற்றுகிறது, கவனமும் காலை விட்டு விலகுகிறது. ஹங்கேரியின் எர்னோ யெண்ட்ராசிக் காட்டிய வழி. இப்படிச் செய்தும் வராவிட்டால்தான் 'இல்லை' என்று எழுதுவோம்.

எனக்கு ரெண்டு காலும் ரொம்ப வேகமா உதைக்குது. என் அண்ணனுக்கு உதைக்கவே இல்ல. யாருக்குங்க நரம்புத் தளர்ச்சி?

சுவரில் ஒட்டியிருக்கும் நரம்புத் தளர்ச்சி விளம்பரத்தை மறந்துவிடுங்கள், இந்தச் சோதனைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நாங்கள் 0 முதல் 4 வரை எழுதுவோம், 2 என்பது வழக்கமான அளவு. பதற்றமானவர்களுக்கும், தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்கும் இரண்டு பக்கமும் துடிப்பாக வரும். தைராய்டு குறைந்தவர்களுக்குக் குதிங்கால் தசைநாரில் தட்டினால் பாதம் அசைந்துவிட்டு ரொம்ப மெதுவாகத் திரும்பும். சிலருக்குப் பிறவியிலேயே கம்மி.

நான் தேடுவது வித்தியாசத்தை. வலது ஒரு மாதிரி, இடது ஒரு மாதிரியா? கை சரியாக இருந்து கால் மட்டும் மாறுகிறதா? முட்டி உதை இல்லையென்றால் இடுப்பு நரம்பு வேர்களில் மூன்று, நான்காவதைச் சந்தேகிப்பேன். குதிங்கால் அசைவு இல்லையென்றால் அதற்கும் கீழே. அனிச்சை அடங்கினால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. மிஞ்சினால் மேலிருந்து அடக்குகிற கட்டுப்பாடு போயிருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் முன்பே எந்த இடத்தை எடுக்க வேண்டும் என்று சுத்தியல் சொல்லிவிடும். செலவில்லாத இந்தச் சோதனையை அவசரத்தில் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சுகர் இருக்குதுன்னா கால்ல ஏன் தட்டிப் பார்க்குறாங்க?

சர்க்கரை முதலில் பாதிப்பது நீளமான நரம்புகளை. உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. அதனால் குதிங்கால் அனிச்சை முட்டி உதைக்கு முன்பே மறைந்துவிடும். வயதானவர்களுக்குச் சர்க்கரை இல்லாமலே அது மறைவதுண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டோம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு தெரிகிறதா, 10 கிராம் நைலான் இழையின் தொடுகை தெரிகிறதா என்றும் பார்ப்போம்.

தோசைக்கல் கேள்வியில் சொன்ன பாதை நினைவிருக்கிறதா? அதில் முதல் கண்ணியே வலி நரம்பு. அது செத்துவிட்டால் காலை யார் இழுப்பது? சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து, வீட்டில் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்காதீர்கள், தீ மிதிக்காதீர்கள், தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

உள்ளங்கால்ல சாவியால கீறிப் பார்த்துட்டு டாக்டர் முகமே மாறிடுச்சு. அதுல என்ன இருக்குது?

குதிங்காலிலிருந்து ஓரமாகக் கீறினால் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே நிமிர்ந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் முக்கியப் பாதை எங்கோ அடிபட்டிருக்கிறது என்று பொருள். பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி 1896-இல் சொன்னது. கைக்குழந்தைக்கு நிமிர்வது இயல்பு, அந்தப் பாதை இன்னும் முழுமையாகாததால். நடை பழகி ஓடியாடும் வயதில் மாறிவிடும்.

அப்பாவுக்குப் பக்கவாதம். அசையாத கை கொட்டாவி விடும்போது மட்டும் தானா மேலே போகுது. சரியாகுதுன்னு அர்த்தமா?

இதைக் கேட்கும் பிள்ளைகளின் கண்ணில் தெரியும் நம்பிக்கையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வது எனக்கு இன்றைக்கும் சுலபமாக இல்லை. கொட்டாவி மூளைத்தண்டின் பழைய சுற்றுகளிலிருந்து கிளம்புவது. பெருமூளையிலிருந்து வரும் பாதை அறுந்தாலும் இது தோள் தசைகளைத் தொட்டு எழுப்பிவிடும். ஆகவே கை எழுந்தது உண்மை, ஆனால் அப்பா எழுப்பவில்லை. இருமும்போது முழங்கை மடங்குவதும், காலை நீவும்போது பாதம் டக்டக்கென்று துடிப்பதும் இதே போல.

தேறுகிறதா என்று பார்க்க வேறு வழி. "கட்டைவிரலை மெல்ல நகர்த்துங்க அப்பா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சொன்னபோது அசைந்து, நிறுத்தச் சொன்னபோது நின்றால் அது அவருடைய அசைவு. நூலிழை அளவு இருந்தாலும் அதைத்தான் நாம் வளர்க்க வேண்டும். இன்னொன்று: விரல்கள் உள்ளே இறுகிக்கொண்டிருக்கும் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கைக்கு அதிகம் வேண்டியது விரிக்கும் பயிற்சி.

மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வே இல்ல. முதல் மாசம் கால் துணி மாதிரி கிடந்துச்சு, இப்ப துள்ளுது. எப்படி?

எஸ்டேட்டில் மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்தவர்களின் வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன். தண்டுவடம் அடிபட்டதும் காயத்துக்குக் கீழே எல்லாம் அதிர்ந்து ஊமையாகிவிடும். சில நாளோ சில வாரமோ கழித்துக் கீழ்ப்பகுதி விழிக்கும், ஆனால் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல். போர்வை உரசினாலும் கால் துள்ளும். கோழி பற்றிய பதிலில் சொன்ன அதே சுற்றுகள்தான். சொன்னால் அசைகிறதா என்ற சோதனையை இங்கேயும் வையுங்கள்.

துள்ளல் திடீரென அதிகமானால் காரணம் தேடுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம், படுக்கைப் புண் வந்திருக்கலாம், கால் நகம் சதையில் இறங்கியிருக்கலாம். அவருக்கு வலிக்காது, கால்தான் சொல்லும். காயம் நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ இருப்பவர்களுக்கு மண்டை வெடிக்கும் தலைவலியும், முகச் சிவப்பும், மேலுடம்பில் வியர்வையும் வந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டா கால் இழுத்துக்கும்னு எங்கேயோ படிச்சேன். நம்ம ஊரே அதுலதானுங்க பிழைக்குது?

படித்தது கோன்சோ என்ற நோயாக இருக்கும். 1938-இல் பெல்ஜியக் காங்கோவில் ட்ரோலி என்ற மருத்துவர் விவரித்தார். 'கட்டிய கால்' என்று அந்த ஊர் மொழியில் பொருள். பஞ்ச காலத்தில், கசப்பு வகைக் கிழங்கைச் சரியாக ஊறவைக்காமல், வேறு புரதமே இல்லாமல் வாரக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குத் திடீரென இரண்டு கால்களும் விறைத்துவிடும். முட்டியில் தட்டினால் மிதமிஞ்சி உதைக்கும். கிழங்கிலிருந்து வரும் சயனைடுதான் அதற்குப் பின்னால் இருப்பது.

நாம் தோலை உரித்து, வெட்டி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரை வடிக்கிறோம். சோறும் பருப்பும் கூடவே உண்டு. ஜவ்வரிசிக்கோ கிழங்கை அரைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்துப் படியவிட்டு எடுக்கிறார்கள். பயமில்லாமல் சாப்பிடலாம். பச்சைத் தோலையும் இலையையும் ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஆபத்து நம் காட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

மூளைச்சாவுன்னு சொல்லிட்டாங்க. ஆனா கையைத் தொட்டப்போ விரல் அசைஞ்சுது. உறுப்பு தானத்துக்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது?

இதைக் கேட்கிறவரிடம் அவசரமாகப் பேசக் கூடாது. மூளை முழுவதும் இறந்த பிறகும், கருவி கொடுக்கும் மூச்சால் இதயம் ஓடிக்கொண்டிருக்கும் வரை தண்டுவடத்துக்கு ரத்தம் போகிறது. தண்டுவடம் உயிரோடு இருந்தால் அதன் அனிச்சைகளும் இருக்கும். விரல் அசையலாம், கால் மடங்கலாம், மிக அரிதாக இரண்டு கையும் நெஞ்சுக்கு எழும்பலாம். பார்ப்பவர் நெஞ்சு பதறும். ஆனால் அந்த அசைவு மூளையிலிருந்து வரவில்லை.

மருத்துவர்கள் பார்ப்பது மூளைத்தண்டின் அனிச்சைகளை. வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் திரும்புகிறதா (மலைப் பாதைக் கேள்வியில் சொன்ன அதே சுற்று), குழாய் விட்டால் இருமுகிறதா, கடைசியாகக் கருவியை எடுத்தால் தானாக மூச்சு வருகிறதா. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

பாம்பு கடிச்சவங்களுக்கும் கண்மணி அசையாம, மூச்சு இல்லாம போகுமாமே. அப்ப அதுவும் மூளைச்சாவா?

இல்லவே இல்லை. கட்டுவிரியன் நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பூட்டுகிறது. இமை விழுந்து, முட்டி உதை போய், கண்மணி விரிந்து நின்று, மூச்சும் நிற்கும். மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் பதில் வராது. உள்ளே மூளை உயிரோடு இருக்கிறது, சிலருக்கு நினைவுகூட இருக்கும். செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் நாட்கணக்கில் தேறி எழுந்து வருகிறார்கள். அதனால்தான் மூளைச்சாவுச் சோதனைக்கு முன்பே நஞ்சு, மயக்க மருந்து, உடல் குளிர்ந்துபோவது எதுவும் காரணமில்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். வீக்கமோ வலியோ அதிகம் இருக்காது, பல் தடமே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமை தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், கடியைப் பார்க்கவில்லை என்பதற்காகக் காத்திருக்காமல் விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் இமை எப்போது விழுந்தது, பேச்சு எப்போது குழறியது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.